சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகம்: போவதற்கு முன் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தாலும் சரி, பிள்ளைக்குப் பள்ளியில் வரலாற்றுப் பயிற்சி கொடுத்தாலும் சரி, ஸ்டாம்ஃபர்ட் சாலையில் இருக்கும் தேசிய அரும்பொருளகத்தைப் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. பதில்களை ஓரிடத்தில் போட்டு வைக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 2023-இல் தொடங்கிய சீரமைப்புப் பணியைப் பகுதி பகுதியாகச் செய்வதால் சில கூடங்களை மூடியிருப்பார்கள். கிளம்பும் முன் அவர்களுடைய இணையத்தளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

உள்ளே போகக் கட்டணம் உண்டா?

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் இலவசம். 2013 மே மாதத்திலிருந்து இப்படித்தான். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். வேலை அனுமதியிலோ எஸ் பாஸிலோ இருப்பவர்களும், சுற்றுலா விசாவில் வந்திருக்கும் உறவினர்களும் சீட்டு வாங்க வேண்டும். மாணவருக்கும் முதியவருக்கும் சலுகை உண்டா என்று முகப்பில் கேளுங்கள். தொகை கண்காட்சியைப் பொறுத்து மாறும் என்பதால் இங்கே எழுதவில்லை.

எப்படிப் போவது? எத்தனை மணிக்குப் போனால் நல்லது?

எம்ஆர்டி ரயிலில் பிராஸ் பாசா, பென்கூலன் இரண்டு நிலையங்களுமே பக்கம். டோபி காட்டில் இறங்கினாலும் பத்து நிமிட நடைக்குள் வந்துவிடலாம். காலை 10 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும். மூடுவதற்கு அரை மணி நேரம் முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். வார நாள் காலையில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். பெரியவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தால் வார நாளில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போவது உத்தமம். ஒரு மேல்துணி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குளிர்சாதனம் நம் அம்மாக்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

எல்லாவற்றையும் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

எல்லாவற்றையும் பார்க்காதீர்கள் என்பதுதான் என் பதில். நாலு பொருள்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முன்னும் நின்று பாருங்கள். இரண்டு மணி நேரம் அதற்கே சரியாக இருக்கும். பலகை பலகையாக வாசித்துக்கொண்டே போகிறவர்கள் ஜப்பானியர் காலம் வருவதற்குள் களைத்துப்போய் நாற்காலி தேட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

எங்கிருந்து தொடங்கலாம்?

தரைத்தளத்தில் இருக்கும் சிங்கப்பூர் வரலாற்றுக் கூடத்திலிருந்து. அங்கே முதலில் தேட வேண்டியது சிங்கப்பூர்க் கல். பல பேர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பார்த்தவுடன் கண்ணைப் பறிக்கும் பொருள் இல்லை அது. ஓரமெல்லாம் சிதைந்த ஒரு மணற்கல் துண்டு, அவ்வளவுதான். சற்றுக் குனிந்து பக்கவாட்டில் பார்த்தால்தான் மழுங்கிப்போன எழுத்துகள் வரிவரியாகத் தெரியும்.

சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் 1819-இல் காட்டை வெட்டும்போது தென்பட்ட பாறை இது. அப்போது ஆள் உயரத்தைத் தாண்டிய, சுமார் மூன்று மீட்டர் உயரமும் அதே அளவு அகலமும் கொண்ட கல். ஐம்பது வரிபோல எழுத்து இருந்ததாம். 1843-இல் அந்த இடத்தில் கட்டடம் எழுப்ப வேண்டும் என்று வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். தப்பிய துண்டுகள் சிலவற்றை ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி எடுத்துக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அதில் ஒன்று 1918-இல் இரவலாகத் திரும்பி வந்தது. நீங்கள் பார்ப்பது அந்தத் துண்டைத்தான். எழுத்தை இன்றுவரை யாரும் முழுமையாகப் படிக்கவில்லை. பழைய ஜாவானியக் கவி எழுத்தாக இருக்கலாம் என்பது பரவலான கருத்து. 10-ஆம் நூற்றாண்டு என்பாரும் உண்டு, 14-ஆம் நூற்றாண்டு என்பாரும் உண்டு.

கல் முழுதாக இருந்த காலத்தில் அதைப் பார்க்கப் போனவர்களில் முன்ஷி அப்துல்லாவும் ஒருவர். 1819-இல் ஆங்கிலேயர் குடியேற்றத்தை இங்கே நிறுவிய ராஃபிள்ஸிடம் எழுத்தராக இருந்தவர், மலாய் உரைநடையின் முன்னோடி. இந்துக்கள் அதைத் தங்கள் எழுத்து என்றார்கள், சீனர்கள் தங்கள் எழுத்து என்றார்கள், ஆனால் ஒருவராலும் படிக்க முடியவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். உடைத்தபோது வயிறெரிந்தவரும் அவர்தான். இந்த அப்துல்லாவின் முன்னோரில் அரேபியரும் உண்டு, தமிழரும் உண்டு. மலாக்காவில் சிறுவனாக இருந்தபோது அவருக்கு வாத்தியார் வைத்துத் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள். கணக்கு வழக்குக்கும் வியாபாரத்துக்கும் அங்கே அப்போது தமிழ் வேண்டியிருந்தது. அவருடைய உயிலும் இந்த அரும்பொருளகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அந்தக் கல்லில் சோழர் பெயர் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா?

பாதி உண்மை. கல்லில் ‘கேசரிவ’ என்று படிக்கத்தக்க ஓரிடம் இருக்கிறது, அது சோழ மன்னர்கள் சூடிய ‘பரகேசரிவர்மன்’ என்ற பட்டத்தின் ஒரு பகுதியாக இருக்கலாம் என்று இயன் சின்க்ளேர் என்ற ஆய்வாளர் 2019-இல் முன்வைத்தார். ‘இருக்கலாம்’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதை வைத்துக்கொண்டு “ராஜேந்திர சோழன் வெட்டிய கல்வெட்டு” என்று அடித்துச் சொல்கிறவர்கள் கல்லை நேரில் போய்ப் பார்த்தால் குரல் கொஞ்சம் தணியும்.

சோழர் கதை வேண்டுமென்றால் அது கல்லைவிட ஏட்டில் சுவையாகவே கிடைக்கிறது. ‘செஜாரா மெலாயு’ என்ற மலாய் வரலாற்று ஏட்டில் ராஜா சூலான் என்று ஒரு கலிங்க மன்னன் வருகிறான். சோழன் என்பதுதான் சூலான் ஆகியிருக்கிறது. அவன் சீனத்தின் மேல் படையெடுத்துத் துமாசிக் (சிங்கப்பூரின் பழைய பெயர்) வரை வந்துவிடுகிறான். சீனர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? துருப்பிடித்த ஊசிகளையும் பல் போன கிழவர்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். “நாங்கள் கிளம்பும்போது இளைஞர்கள், இந்த ஊசி அப்போது இரும்புக் கம்பி. அவ்வளவு தூரத்தில் இருக்கிறது சீனம்” என்கிறார்கள் கிழவர்கள். மன்னன் நம்பித் திரும்பிவிடுகிறான். சிங்கப்பூரை நிறுவிய சங் நீல உத்தமனின் வம்சத்தை மாவீரன் அலெக்சாந்தரில் தொடங்கி இந்தச் சூலான் வழியாகத்தான் சொல்கிறது ஏடு.

அதே ஏட்டில் பாடாங் என்ற பலசாலியும் வருகிறான். கலிங்கத்திலிருந்து வந்த மல்லனோடு போட்டிபோட்டுப் பெரும்பாறையைத் தூக்கி ஆற்று முகத்துவாரத்தில் எறிகிறான். சிங்கப்பூர்க் கல்தான் அந்தப் பாறை என்று சொல்வோரும் உண்டு. பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்த இரண்டு கதைகளையும் எம்ஆர்டியிலேயே சொல்லி முடித்துவிடுங்கள். உள்ளே போனதும் அவர்களே கல்லைத் தேடுவார்கள்.

தங்க நகை இருக்கிறதாமே?

அம்மாவைக் கூட்டிப்போகிறீர்கள் போலிருக்கிறது. இருக்கிறது. அரும்பொருளகத்தின் பின்னால் இருக்கும் ஃபோர்ட் கேனிங் குன்றில் 1928-இல் தொழிலாளர்கள் மண் தோண்டும்போது கிடைத்த 14-ஆம் நூற்றாண்டு ஆபரணங்கள். மலாய்க்காரர்கள் அந்தக் குன்றைத் தடை செய்யப்பட்ட குன்று என்றுதான் சொல்லிவந்தார்கள். பழைய அரசர்கள் அங்கே வாழ்ந்ததாக நம்பிக்கை. தோண்டியதில் வந்த கைவளையைக் கிட்டே போய்ப் பாருங்கள். உருண்ட விழியும் விரிந்த வாயுமாக ஒரு முகம். ஜாவாவில் அதைக் காலா என்பார்கள். நம் கோவில்களில் மாடத்துக்கும் திருவாசிக்கும் மேலே கீர்த்திமுகம் பார்த்துப் பழகியவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எத்தனை பவுன் இருக்கும் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

தமிழர்களுக்கென்று தனிப் பகுதி எங்கே இருக்கிறது?

தனிப் பகுதியைத் தேடினால் ஏமாந்துதான் போவீர்கள். “நம்மளப் பத்தி ஒண்ணுமே இல்லையே” என்று வெளியே வந்து சொல்கிறவர்கள் பெரும்பாலும் அப்படித் தேடியவர்கள்தான். இந்தக் கூடத்தை இனவாரியாகப் பிரிக்கவில்லை. சிங்கப்பூரா, குடியேற்ற நாடு, சியோனான் (ஜப்பானியர் காலம்), சிங்கப்பூர் என்று காலவாரியாக நகர்கிறது. ஒவ்வொரு காலத்திலும் நம் ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்ற கேள்வியை நீங்கள்தான் கையோடு எடுத்துப்போக வேண்டும். இதில் எனக்கும் கொஞ்சம் மனக்குறை உண்டு. ஆனால் கேள்வியோடு போனால் கிடைப்பது அதிகம்.

குடியேற்ற நாட்டுப் பகுதியில் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். 1819 மே மாதம் ராஃபிள்ஸின் இரண்டாவது வருகையின்போது பினாங்கிலிருந்து கூடவே வந்தவர் நாராயண பிள்ளை. செங்கல் சூளை போட்டார், துணி வியாபாரம் செய்தார். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவில் 1827-இல் மரமும் அத்தாப்பு ஓலையுமாக எழுந்ததில் அவர் பங்கு பெரிது. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் பெட்டியடியில் உட்கார்ந்து செட்டியார்கள் கடன் கொடுத்தது அதே நூற்றாண்டில்தான்.

ஆனால் அந்தக் காலத்தின் பெரிய கதை கைதிகள்தான். சுமத்ராவில் இருந்த பென்கூலனை ஆங்கிலேயர் 1824 ஒப்பந்தப்படி டச்சுக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அங்கே வைத்திருந்த இந்தியக் கைதிகளை 1825-இல் இங்கே கொண்டுவந்தார்கள். முதலில் வந்தவர்கள் மதராஸிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். சாலை போட்டதும், சதுப்பு நிலத்தைத் தூர்த்ததும், இஸ்தானா கட்டியதும் இந்தக் கைதிகள்தான். அவர்களை அடைத்திருந்த சிறை பிராஸ் பாசா சாலையோரம், அரும்பொருளகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. 1873-இல் இந்தக் கைதி ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

அதனால் என் யோசனை: கூடத்தில் பாதி, தெருவில் பாதி. அரும்பொருளகத்திலிருந்து ஸ்டாம்ஃபர்ட் சாலை வழியாகக் கொஞ்ச தூரம் நடந்தால் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். 1862-இல் அர்ச்சிக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தை எழுப்பியவை கைதிகளின் கைகள். சுவருக்குப் பூசியது மதராஸ் சுண்ணம்: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை மூன்றையும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சாந்து. பூசிக் காய்ந்த பிறகு கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த வேலைப்பாடு புதிதில்லை. கட்டியவர்களில் ஒருவர் பெயரைக்கூட அங்கே எவரும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

ஜப்பானியர் காலத்துப் பகுதி பயமாக இருக்குமா? சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

ஆரம்பப் பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரவாயில்லை. அதற்குக் கீழே என்றால் வேகமாகக் கடந்துவிடுங்கள். வெளிச்சம் குறைவு, குண்டுச் சத்தம், ஜப்பானிய டாங்கியின் மாதிரி என்று சூழ்நிலையே கனமாக இருக்கும். சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்று விழுந்தது. 1945 செப்டம்பர் 12 அன்று சரணாகதிக் கையெழுத்து. இடைப்பட்ட காலத்தில் ஊரின் பெயர் சியோனான்.

சீனக் குடும்பங்கள் பட்ட பாடு இங்கே விரிவாக வருகிறது, வரவும் வேண்டும். தமிழ்க் குடும்பங்களில் இந்தக் காலம் இரண்டு விதமாக நினைவில் நிற்கிறது. ஒன்று சயாம் மரண ரயில். தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாகத் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். மிகப் பலர் திரும்பவே இல்லை. இன்னொன்று நேதாஜி. 1943 ஜூலையில் வந்தவர், அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தது கேத்தே கட்டடத்தில். டோபி காட்டிலிருந்து நடந்து வந்தால் அந்தக் கட்டடத்தின் பழைய முகப்பை நீங்கள் கடந்துதான் வருவீர்கள். பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் வாட்டர்லூ ஸ்திரீட்டில் இருந்தது, அதுவும் பக்கம்தான். படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி, சென்னையிலிருந்து வந்து இங்கே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர். ஒரே வீட்டில் அண்ணன் சயாமுக்கும் தம்பி நேதாஜியின் இந்திய தேசியப் படைக்கும் போன கதைகள் உண்டு. தாத்தா பாட்டி யாராவது உடன் வந்தால் இந்த இடத்தில் அவர்களைப் பேச விடுங்கள். பலகையில் எழுதியிருப்பதைப் பிறகு வாசித்துக்கொள்ளலாம்.

அரும்பொருளகமும் அந்தக் காலத்தில் சும்மா இல்லை. பெயரை மாற்றி ஜப்பானியரே நடத்தினார்கள். சேகரிப்பு சூறையாடப்படாமல் காப்பாற்றியதில் தாவரவியலாளர் காரனரும் ஜப்பானியப் பிரபு டோகுகாவாவும் சேர்ந்து நின்றார்கள் என்பது போர்க்கால விநோதம்.

அப்பா சின்ன வயதில் இங்கே திமிங்கில எலும்புக்கூடு பார்த்தாராம். எங்கே அது?

அப்பா சொன்னது சரிதான். 1892-இல் மலாக்காப் பக்கம் கரை ஒதுங்கிய திமிங்கிலம் அது. 1907-இலிருந்து 1974 வரை இங்கே கூரையில் தொங்கியது. அந்தத் தலைமுறைக்கு இது ராஃபிள்ஸ் மியூசியம். புலி, முதலை, பாம்பு என்று பாடம் செய்த விலங்குகளைப் பார்க்கத்தான் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வந்தது. மதராஸில் ‘செத்த காலேஜ்’ என்று சொல்லப்பட்ட எழும்பூர் மியூசியத்தைப் பார்த்தவர்கள் இங்கேயும் அதையேதான் எதிர்பார்த்து வந்திருப்பார்கள். எழுபதுகளில் வரலாறு மட்டும் போதும் என்று முடிவானதும் விலங்குகள் பல்கலைக்கழகத்துக்கும், திமிங்கிலம் மலேசியாவுக்கும் போய்விட்டன. பழைய விலங்குச் சேகரிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் கென்ட் ரிட்ஜில் 2015-இல் திறந்த லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குக் கூட்டிப்போங்கள். அங்கேயும் ஒரு திமிங்கிலம் தொங்குகிறது, ஆனால் அப்பாவின் திமிங்கிலம் அல்ல.

பக்கத்தில் செங்கல் நூலகம் ஒன்று இருந்ததே என்றும் அவர் கேட்பார். 1960-இல் திறந்து 2004-இல் மூடி, சுரங்கச் சாலைக்காக இடித்தார்கள். அதற்குப் பெருந்தொகை கொடுத்த லீ கோங் சியான், உள்ளூர் மொழிப் புத்தகங்களும் வாங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டவர். தமிழ்ப் புத்தக அடுக்குகள் இப்போது விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில்.

கிராமத்திலிருந்து வந்த பெரியவர்களுக்கு எது பிடிக்கும்?

ஃபார்க்குவார் ஓவியங்கள். சிங்கப்பூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் (ஆட்சிப் பொறுப்பாளர்) வில்லியம் ஃபார்க்குவார், மலாக்காவில் இருந்தபோது பெயர் தெரியாத சீன ஓவியர்களைக் கொண்டு வரைவித்த 477 செடி கொடி, விலங்குப் படங்கள். 1993-இல் லண்டன் ஏலத்தில் வாங்கிப் பிறகு இங்கே நன்கொடையாக வந்தவை. வெளிச்சம் பட்டால் தாள் கெடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி வைப்பார்கள். விவசாயம் பார்த்த கண்ணுக்கு இது தனி விருந்து. இலை நரம்பையும் பிஞ்சின் காம்பையும் விட்டுவைக்காமல் வரைந்திருப்பதைப் பார்த்து, “இது நம்மூரு ஜாதிக்கா இல்ல?” என்று பேச்சு ஆரம்பித்துவிடும். ஆங்கிலம் தேவையே இல்லை.

விளக்கம் தமிழில் கிடைக்குமா?

பலகைகள் பெரும்பாலும் ஆங்கிலம்தான். தொண்டூழியர்கள் அழைத்துச் செல்லும் சுற்றும் வழக்கமாக ஆங்கிலத்தில் உண்டு, நன்றாகவே சொல்வார்கள். தமிழ்ச் சுற்று வேண்டுமென்றால் குழுவாகச் சேர்ந்து முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பாருங்கள். நாம் கேட்காவிட்டால் தேவை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

படம் எடுக்கலாமா?

ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். தடை போட்டிருக்கும் இடத்தில் வேண்டாம். குடும்பப் படத்துக்கு 1887-இல் கட்டிய முகப்பு வட்டக்கூடம் நல்ல இடம். தலைக்கு மேலே குவிமாடத்து வண்ணக் கண்ணாடி. பழைய கட்டடத்தையும் 2006-இல் திறந்த புதிய பகுதியையும் இணைக்கும் இடத்தில் சூசன் விக்டரின் சிவப்பு சரவிளக்குகள் எட்டு ஊஞ்சலாடுவதையும் பாருங்கள்.

இந்திய மரபுடைமை நிலையம் இருக்கும்போது இங்கே ஏன் வர வேண்டும்?

கேம்பல் லேனில் 2015-இல் திறந்த அந்த நிலையம் நம் கதையை நாமே சொல்லும் இடம். இங்கே, பிறர் கதையின் நடுவில் நாம் எப்படித் தெரிகிறோம் என்று பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம் 1966-இல் எழுதிய தேசிய உறுதிமொழியைப் பிள்ளைகள் தினமும் பள்ளியில் சொல்கிறார்கள். அதை ‘இந்தியர் பங்களிப்பு’ என்று ஒரு மூலையில் எப்படி அடக்குவது? என்னைக் கேட்டால் முதலில் இங்கே, இன்னொரு நாள் அங்கே. ஒரே நாளில் இரண்டும் என்றால் கால் வலிதான் மிஞ்சும்.

பார்த்து முடித்ததும் எங்கே சாப்பிடுவது?

டோபி காட்டிலிருந்து வடகிழக்குத் தடத்தில் ஒரே நிறுத்தம், லிட்டில் இந்தியா. சைவம் என்றால் 1947 முதல் சிராங்கூன் சாலையில் நடக்கும் கோமள விலாஸ். அசைவம் என்றால் தேக்கா ஈரச்சந்தை உணவங்காடி. ஞாயிறு மாலையில் மட்டும் வேண்டாம், நிற்கவே இடம் கிடைக்காது.